மொட்டைக்கல்லில் வெளிச்ச வளையம்

மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். நீ படிப்பிக்கிற கலேவெலவுக்குப் போகும் பஸ் கொண்டக்டரின் கையில் கொடுத்துவிடப் போகிறேன். வழியில் அவர் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், உன்னோடு படிப்பிக்கிற மற்ற வாத்திமார் படித்தாலும் படிக்கட்டும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உன் கன்னத்தில் அறைந்தது ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதற்கான மன்னிப்பை மட்டும் ஒட்டிய உறைக்குள் ஒளித்து அனுப்பினால் அது நியாயமாகாது. இந்த நியாயத்தை எனக்கு எடுத்துச் சொன்னது உன் உம்மா. நானாகக் கண்டுபிடித்தது போல எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்வாள்.

இன்னும் மூன்று கிழமையில் உனக்கு நிக்காஹ். அதற்குப் பிறகு நீ கிண்ணியாவுக்குப் போய்விடுவாய். அவர்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்கவேண்டும். நம்மிடம் மிளகு வாங்க வரும் கருவாட்டு வியாபாரி தன் மகளைப் பற்றிப் பேச்செடுத்தபோது அந்த வழக்கத்தையும் சேர்த்தே சொன்னார், நானும் சரி என்றேன். பிறகுதான் உன்னைக் கேட்டேன். பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய், சப்பாத்தைக் கழற்றினாய், "உங்கட இஷ்டம் வாப்பா" என்றாய். அவ்வளவுதான். அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன். என்ன அடக்கமான பிள்ளை என்று பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். போன கிழமையிலிருந்து அந்த மூன்று சொல்லும் என்னைத் தூங்கவிடவில்லை. அது அடக்கமா, அல்லது என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நிக்காஹ் நடத்த லெப்பை வந்து உட்கார்ந்து, நீ கபூல், சம்மதம் என்று சொல்வதற்கு முன்னால் அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் அதை நேரே கேட்க எனக்கு உரிமை இல்லை. மொட்டைக்கல்லில் நடந்ததைப் பேசி முடித்த பிறகுதான் கேட்கலாம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படி. உன் வாப்பா எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாதவன் என்பது உனக்குத் தெரிந்த விஷயம்தானே.

இங்கே பனிக்காலம் பிறந்துவிட்டது. நவம்பர் முழுக்கக் கொட்டிய மழை போன கிழமை ஒரு நாள் மத்தியானத்தோடு நின்றுபோனது. அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். முற்றத்துக் கல்லில் கால் வைத்தபோது உள்ளங்கால் சுருக்கென்றது. வாய் திறந்தால் புகை. கிணற்றடியில் வாளித் தண்ணீரில் கை வைக்கப் பயந்துகொண்டு நின்ற உன் தங்கச்சி, நீ சின்ன வயதில் செய்ததைப் போலவே இரண்டு விரலைச் சேர்த்து வாயில் வைத்து சுருட்டுக் குடிப்பது போலப் புகை விட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு வயதுக் குமரிப்பிள்ளை. ஏசலாம் என்று போனேன். போய், நானும் கொஞ்ச நேரம் அவளோடு நின்று புகை விட்டேன். ஆறுமணிக்குருவியும் வந்துவிட்டது. பலாமரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டு, வாலே இல்லாத அந்த உடம்பை வைத்துக்கொண்டு, காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை விசில் அடிக்கிறது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தக் குருவி இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி, யாரும் வழி காட்டாமல் நம் வீட்டுப் பலாமரத்துக்கே வருடா வருடம் வந்து சேருகிறது. நானானால் மாத்தளை டவுனுக்குப் புது பஸ்ஸில் ஏறினாலே இறங்கும் இடம் கேட்டுக் கேட்டுத்தான் போகிறேன்.

பிறகு அந்தச் சிலந்தி வலைகள். உனக்கு ஆறு வயதில் ஒரு காலை நினைவிருக்கிறதா தெரியாது. மிளகுக்கொடி ஏறிய முள்முருக்கு மரங்களுக்கு இடையில், மரத்துக்கு மரம், புல்லுக்குப் புல், எங்கே பார்த்தாலும் வலை. மற்ற நாளில் கண்ணுக்கே தெரியாதவை, பனித்துளி கோத்து நின்றதால் அன்று தெரிந்தன. நீ ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, "உம்மா, ஆரு ராவோட ராவா இவ்வளவு மாலையும் கோத்த?" என்று கேட்டாய். உம்மா, "அல்லாஹ் செல்லித்தான் சிலந்தி கோத்த மகன்" என்றாள். நீ அதோடு விடவில்லை. தோட்டம் முழுக்க ஓடி ஓடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, எது பெரிது, எதில் ஓட்டை, எதில் சிலந்தி இல்லை என்று மூச்சு வாங்க எங்களிடம் ஒப்பித்தாய். அந்தக் காலத்தில் நீ கண்டதையெல்லாம் சொல்கிற பிள்ளை. உன் வாயை மூடவைக்க மிட்டாய் கொடுக்கவேண்டும் என்று உன் மாமா கேலி செய்வார். மிட்டாய்க்கு வேலை வைக்காமல் நானே மூடிவிட்டேன்.

மொட்டைக்கல்லுக்கு வருகிறேன். நம் தோட்டத்தின் மேல்துண்டில் மாணாப்புல்லை வெட்டித் துப்புரவாக்கி மிளகு நட்ட வருஷத்தில்தான் அந்தக் கல்லே வெளியில் தெரிந்தது. யானை முதுகு மாதிரி அகன்று நீண்டு கிடக்கும் வழுவழுப்பான பாறை. கீழே மேற்குப் பக்கமாகப் பள்ளம். பனிக்காலத்துக் காலையில் அந்தப் பள்ளம் முழுக்க மூட்டம் நிரம்பி, ரத்தொட்டைக் கடைத்தெருவும் தெரியாது, மாத்தளை டவுனும் தெரியாது, அலுவிகாரைப் பக்கத்து மலை உச்சி மட்டும் தீவு மாதிரித் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். நமக்கு முதுகுப்பக்கம் தும்பறை மலை. ஊரெல்லாம் விடிந்து வெகு நேரமான பிறகுதான், ஏழே முக்கால் போல, சூரியன் அந்த மலையைத் தாண்டி நம் தோட்டத்துக்கு வரும். அதுவரை மிளகு பறிக்க முடியாது. கொடியும் ஈரம், ஏணி வைத்தால் வழுக்கும். ஆகவே பறிக்க வந்தவர்களெல்லாம் சும்மா நிற்கிற ஒரு நேரம் அது. தோட்ட வேலையில் சும்மா நிற்பதற்கு யாரும் ஏசாத நேரம் அது ஒன்றுதான், அதனால் எல்லோரும் மொட்டைக்கல்லில் ஏறி நின்று வெயிலை எதிர்பார்ப்போம்.

நிலம் துப்புரவாக்கிய முதல் டிசம்பரில் ஒரு நாள் நான் மட்டும் நின்றேன். மூட்டம் அன்று கல்லின் அடி வரைக்கும் ஏறி வந்திருந்தது. முதுகில் வெயில் சுட்டது. முன்னால் பார்த்தேன், அந்த வெள்ளைப் பரப்பின் மேல் என் நிழல் விழுந்திருந்தது. கால் நீண்டு, ஆள் பெருத்து, தொப்பி போட்ட தலையோடு. அந்தத் தலையைச் சுற்றி ஒரு வளையம். உள்ளே வெள்ளை, அதைச் சுற்றி நீலம், பச்சை, மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. வானவில்லைச் சுருட்டி என் தலையில் வைத்த மாதிரி. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது. குனிந்தால் அதுவும் குனிந்தது. சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூட்டம் இறங்கி, நிழல் கலைந்து, கீழே ரத்தொட்டை ரோட்டில் லொறி ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்கும் வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இனித்தான் வெட்கமான பகுதி. அது எனக்கென்று வந்த அடையாளம் என்று நான் நினைத்துவிட்டேன். அடுத்தடுத்த காலைகளில், கீழ்த்துண்டில் மிளகு பறிக்க வந்தவர்களோடு சேர்ந்து நின்றபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். கல்லில் எத்தனை பேர் நின்றாலும் அத்தனை பேருடைய நிழலும் மூட்டத்தில் விழுந்தது, ஒளி மட்டும் என் தலையைச் சுற்றித்தான் இருந்தது. வேறு என்ன நினைப்பது? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமையாகிவிடும், பெருமை பாவம். சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஊறுகாய் போல ஊறவைத்தேன். தாடியை இரண்டு அங்குலம் நீளவிட்டேன். பள்ளிவாசலில் முதல் வரிசையில் இமாமுக்கு நேர் பின்னால் நிற்க ஆரம்பித்தேன். யாராவது இரண்டு பேர் வேலிச் சண்டை பிடித்தால் கூப்பிடாமலேயே போய்த் தீர்ப்புச் சொன்னேன். உன் உம்மா ஒரு தடவை, "என்ன, உங்களுக்கு இப்ப எல்லாத்துக்கும் பதில் தெரியும் போல ஈக்கி" என்றாள். நான் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நாலாவது பனிக்காலம். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், உனக்கு ஒன்பது வயது. டிசம்பர் லீவில் நீ முதல் தடவையாகச் சுபஹ் தொழுதுவிட்டு என்னோடு மேலே வந்தாய். பறிக்க வந்த நாலு பெண்கள் இருந்தார்கள். பக்கத்துத் துண்டுக்காரர் பண்டா மாட்டைக் கட்டிவிட்டு வந்து நின்றார். உன் உம்மா தேத்தண்ணீர் வாளியை ஒரு கையிலும், கைக்குழந்தையாக இருந்த உன் தங்கச்சியை இடுப்பிலும் வைத்துக்கொண்டு அப்போதுதான் ஏறி வந்தாள். நான் கல்லின் நடுவில் நின்றேன். நீ ஐந்தாறு முழம் தள்ளி ஓரத்தில் நின்றாய். நம் வீட்டில் வாப்பாவுக்குப் பக்கத்தில் பிள்ளை ஒட்டி நிற்பதில்லை. என் வாப்பா என்னை அப்படித்தான் வைத்திருந்தார், நானும் உன்னை அப்படித்தான் வைத்திருந்தேன். வெயில் வந்தது. நீ கத்தினாய்.

"வாப்பா, இங்க பாருங்க, என்ட தலையச் சுத்தி வெளிச்சம் ஈக்கி."

நான் பார்த்தேன். உன் நிழல் ஓரத்தில் நின்றது, கறுப்பாக, வளையம் கிளையம் ஒன்றும் இல்லாமல். ஒளி என் தலையில் இருந்தது. "பொய் செல்லாத மகன்" என்றேன். நீ, "வல்லாஹி வாப்பா, எனக்குத்தான் ஈக்கி, உங்களுக்கு இல்ல" என்றாய். அந்தக் கடைசி இரண்டு சொல்தான். அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்து பொய் சொல்கிறாயே என்று சொல்லித்தான் அறைந்தேன், ஊரும் அப்படித்தான் நினைத்தது. இல்லை மகன். நாலு பனிக்காலமாக எனக்கென்று வைத்திருந்த ஒன்றை ஒரு சின்னப் பிள்ளை வந்து தனக்கு என்று சொல்லிவிட்டதே என்ற எரிச்சலில்தான் என் கை எழும்பியது. பொறாமை. சொந்தப் பிள்ளை மேல். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நீ அழவில்லை. திரும்பி மூட்டத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். அதன் பிறகு எந்தப் பனிக்காலத்திலும் நீ மொட்டைக்கல்லில் ஏறியதில்லை. மிளகுக் காலத்தில் கீழ்த்துண்டில் வேலை செய்வாய். கூப்பிட்டால், "பிறகு வாறேன் வாப்பா" என்பாய். படிப்பிலே பிள்ளை கெட்டி, குளிருக்குப் பயப்படுகிறான் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் மாட்டுப்பட்டி போனதே, அதையும் எழுதவேண்டும். அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஒரு நாள் பின்னேரம், அஸர் நேரம், பட்டிக்குப் பின்னால் இருந்த உயரமான மண் வரம்பு அப்படியே சரிந்து இறங்கியது. இரண்டு மாடும் உள்ளே. உன் உம்மா பால் வாளியோடு வெளியே வந்து அடுப்படி வாசலைக் கூட மிதித்திருக்கமாட்டாள், அந்தச் சத்தம் கேட்டது. பண்டாவும் நானும் மண்வெட்டியோடு ஓடிப்போய் இருட்டும்வரை தோண்டியும் ஒரு மாட்டைத்தான் உயிரோடு எடுத்தோம். அப்போது பண்டா சொன்னார், இப்படிச் சரிகிற வரம்பு ஒரு நாள் முன்னாலேயே கலங்கல் தண்ணீர் கக்கும், யாரும் பார்க்கவில்லையா என்று. நீ லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மெதுவாக, "நான் நேத்தே கண்ட" என்றாய். "ஏன்டா செல்லல்ல?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "செல்லி என்ன வாப்பா, நீங்க நம்பவா போற?"

அன்று ஒரு மாடு போனது. ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் உன் உம்மா. அப்போதாவது நான் உன்னை உட்காரவைத்துப் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. எனக்கு வெளிச்சம் இருந்ததே, நான் எப்படிப் பிழையாக இருக்கமுடியும்? நீ பொய் சொன்ன பிள்ளை, அதனால் உனக்குக் குற்ற உணர்ச்சி என்று அதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லி மூடிவிட்டேன். நீயும் அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவனாக ஆகிவிட்டாய்.

போன கிழமைக்கு வருகிறேன். கலியாணப் பேச்செல்லாம் முடிந்து வீடு அமைதியான ஒரு காலை. உன் உம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, நெஞ்சில் வலி வந்து வந்து போகிறது, மௌத்தாகும் முன் யாரிடமாவது அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "உனக்கிட்ட ஒரு விஷயம் செல்லோணும். இது நாள் வரை ஆருக்கும் செல்லல்ல" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தவே இல்லை. நான் முடித்ததும், "அதா? அது எனக்கும் ஈக்கி" என்றாள்.

அவள் தேங்காய்ப் பாதியைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "நீங்க புள்ளைக்கி அடிச்ச அண்டைக்கே கண்ட. என்னையும் இடுப்பில ஈந்த புள்ளையையும் சேத்து வட்டமா ஈந்திச்சி. நீங்க ரெண்டு பேரும் எனக்கு எனக்கு எண்டு சண்ட புடிக்கக்குள்ள நான் எப்படி நடுவில வந்து எனக்கும் ஈக்கி எண்டு செல்ற?"

"பதிமூணு வருஷமா ஏன் செல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே."

அதைக் கேட்டும் என் புத்தி உடனே அடங்கவில்லை, மகன். இவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் மேலே போனோம். அவளுக்கு முட்டுக்கால் வலி, மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மூட்டம் கல்லின் அடி வரைக்கும் ஏறிக் கிடந்தது. நான் நடுவில் நின்றேன், அவளை ஓரத்தில், நீ நின்ற அதே இடத்தில் நிற்கவைத்தேன். வெயில் வந்தது. எனக்கு என் தலையில் வளையம், அவள் நிழல் வெறுமையாக. "ஆருக்கு ஈக்கி?" என்று கேட்டேன். "எனக்கு. உங்களுக்கு ஒண்டும் இல்ல" என்றாள், நீ சொன்ன அதே சொல்லில், அதே உறுதியோடு. பேரப்பிள்ளை காணப்போகிற வயதில் இரண்டு பேரும் அந்தப் பாறையில் நின்று எனக்கு, இல்லை எனக்கு என்று வாதாடினோம். அப்போதுதான் பண்டா மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, நானா என்று எப்போதும் போல அண்ணன் முறை வைத்து, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "நானா, அப்படியென்றால் அது எனக்கு மட்டும் இல்லையா?" சின்ன வயதிலிருந்து பக்கத்து மேட்டில் நின்று பார்த்திருக்கிறாராம். நீ அன்றைக்குச் சொன்னதை அவரும் பொய் என்றே நினைத்தாராம். விகாரையில் புத்தரின் தலையைச் சுற்றி வரைந்திருக்கிற அதே நிறங்கள். போன பிறவியில் தான் செய்த ஏதோ புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று இருபத்தைந்து வயதில் கித்துள் கள்ளை விட்டுவிட்டாராம். "முப்பது வருஷம், நானா" என்றார். "எல்லோருக்கும் இருந்ததென்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." உன் உம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பண்டாதான் கடைசியாகச் சிரித்தார், ஆனால் எங்கள் இரண்டு பேரை விடவும் அதிக நேரம்.

நீ படித்த பிள்ளை, இதற்குப் புத்தகத்தில் ஒரு காரணம் இருக்கும், எனக்குத் தேவையில்லை. எல்லோருக்கும் உண்டு என்று தெரிந்ததும் அது சின்னதாகிவிடும் என்றுதான் நானும் பயந்தேன். நடந்தது வேறு. பண்டாவுக்கு ஒன்று, உன் உம்மாவுக்கு ஒன்று, பறிக்க வரும் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று, பண்டாவின் மாட்டுக்கும் கூட ஒன்று இருக்கலாம், யார் கண்டது. அத்தனை ஒளியும் அந்தக் கல்லில் நின்றிருக்கிறது, ஆளுக்கு ஆள் தன்னுடையதை மட்டும் கண்டுகொண்டு. முதல் நாள் சொன்னதை விட அதிகமாக அன்று நான் சுப்ஹானல்லாஹ் சொன்னேன்.

பண்டா போன பிறகு இறங்கப் பார்த்தோம். கல் ஈரம், உன் உம்மாவின் கால் வழுக்கியது. நான் எட்டி அவள் தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இரண்டு பேரும் ஒட்டி நின்று மூச்சு வாங்கும்போது தற்செயலாக மூட்டத்தைப் பார்த்தேன். என் தொப்பியின் நிழலும் அவளுடைய முக்காட்டின் நிழலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வளையம் ஒன்றுதான். அது இரண்டு தலையையும் சேர்த்துச் சுற்றி இருந்தது. "இப்ப ஆருக்கு ஈக்கி?" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்" என்றாள். அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளுக்கு மட்டும் ஏன் சண்டை வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பள்ளிவாசலில் ஸஃபில், தொழுகை வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஆளோடு கூட இடைவெளி விடாமல் தோளை ஒட்டி நிற்கிறேன். என் சொந்தப் பிள்ளையை ஐந்தாறு முழம் தள்ளி நிறுத்தினேன். கிட்ட வா என்று கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே அது முடிந்திருக்கும். நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீ பொய் சொல்லவில்லை, மகன். அன்றைக்கு உன் தலையைச் சுற்றி ஒளி இருந்தது. அதை நான் காணவில்லை, காணவும் முடியாது. ஆனாலும் இருந்தது. என்னை மன்னித்துக்கொள்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ வருவாய். உன் உம்மா கம்பளியைக் கொண்டுவரச் சொல்கிறாள், இங்கே குளிர் இந்த வருஷம் அதிகம். சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு என்னோடு மேலே வா. கிண்ணியாவில் கடல் இருக்கும், கடலும் அல்லாஹ்வின் பெரிய அதிசயம்தான், ஆனால் இது அங்கே கிடைக்காது. முதலில் நீ அதே ஓரத்திலேயே நில். வெயில் வந்ததும் நான் உன்னிடம் கேட்பேன், ஆருக்கு ஈக்கி என்று. நீ கண்டதைச் சொல். எனக்கு இல்லை என்று சொன்னாலும் சொல். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பேன். பிடித்திருக்கிறது என்றால் பிடித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்றால், கிண்ணியாவுக்கு பஸ் ஏறிப் போய், அந்த மனிதர் முன்னால் தலை குனிந்து நின்று, குற்றம் என்னுடையது என்று சொல்லிவிட்டு வருவேன். ஊர் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கட இஷ்டம் என்று மட்டும் சொல்லாதே. என் இஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

எதைச் சொன்னாலும் நான் நம்புவேன். சொல்லி முடித்ததும் கிட்ட வா, மகன். ஸஃபில் நிற்பது போல, இடைவெளி விடாமல் ஒட்டி நில்.

உன் வாப்பா